ஹெட்டின் மறுமுகம்: ஒரு ஹோண்டா சிட்டி விடெக்கும் மூன்றாவது கேஸ்கெட்டும்

கார் பட்டறைக்கு வந்த அன்று அதன் உரிமையாளரின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே இரண்டு பழைய ஹெட் கேஸ்கெட்டுகள், அதாவது எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கும் கீழ்ப்பாகமான பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடுகள். ஒன்று காரோடு பிறந்தது. மற்றது அதற்குப் பதிலாகப் போட்டு எட்டே மாதத்தில் கழற்றப்பட்டது. மூன்றாவது இன்னும் எஞ்சினுக்குள் இருந்தது.

"அண்ணா, இவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். பார்த்தால் உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

மேசையில் இரண்டையும் அடுத்தடுத்து விரித்து வைத்தேன். சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக வளையம் இரண்டிலும் ஒரே இடத்தில் கருகியிருந்தது. இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, குளிர்நீர் துளையை நோக்கி ஒரு கரிய நாக்கு நீண்டிருந்தது. வேறு வேறு நிறுவனம், வேறு வேறு தடிமன், இரண்டுக்கும் ஒரே காயம். அந்தத் தம்பி அவற்றைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே பாதி வழக்கு அந்தப் பைக்குள் இருந்தது.

வண்டி

2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 1,493 கன செ.மீ., போர் (சிலிண்டரின் விட்டம்) 75 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 84.5 மி.மீ., ஒற்றைக் கேம்ஷாப்ட் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு), 16 வால்வுகள், 106 குதிரைத்திறன். இன்று இந்த எண்ணைக் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் எடை குறைந்த உடலும், வேகமுள் ஏற ஏற மூச்சு விரியும் இந்த எஞ்சினும் சேர்ந்து தந்த இன்பத்தை அந்தத் தலைமுறைக்காரர்கள் மறக்கவில்லை. எஞ்சின் குறைந்த வேகத்தில் சுற்றும்போது, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகள் மென்மையான கேம் மேடுகளின் மேல் ஓடும். வேகம் ஏறியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு பின்னைத் தள்ளி, நடுவில் சும்மா ஆடிக்கொண்டிருந்த மூன்றாவது ராக்கரோடு (கேம் மேட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்) மற்ற இரண்டையும் பூட்டிவிடும். அதன் பிறகு உயரமான மேடு வால்வுகளை ஆளும். விடெக் என்ற இந்த வித்தை முழுவதும் நடப்பது சிலிண்டர் ஹெட்டுக்குள்தான்.

இந்தக் கார் வார நாட்களில் அலுவலகம் போகும். மாதம் ஒருமுறை, வாய்ப்பு கிடைத்தால், கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுற்றும். மாருதி எஞ்சின் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையிலேயே கட்டிய எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய 2.1 கி.மீ. தடம் அது. அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். பம்பும் நெசவு இயந்திரமும் வார்ப்படமும் செய்து பழகிய கைகள் இந்த ஊரில் நிறைய இருந்ததால்தான் அப்படிப்பட்ட ஒரு மனிதருக்கு இங்கே வேலை நடந்தது என்று நான் நினைக்கிறேன். இந்த வழக்கும் கடைசியில் அந்தக் கைகளிடம்தான் போய் நின்றது.

ஒரு மே மாத மதியம் தடத்தில் பத்தாவது சுற்றில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டிருக்கிறது. அவர் உடனே நிறுத்தவில்லை, இன்னும் ஒரு சுற்று போயிருக்கிறார். முதல் கேஸ்கெட் அன்று போனது. வேறொரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, "பேசிங்" அடித்து (அதாவது அடிமுகத்தைச் சீவித் தட்டையாக்கி), புதிய கேஸ்கெட் போட்டுக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் மீண்டும் போனது. அதே பட்டறையில் மீண்டும் பேசிங், மீண்டும் கேஸ்கெட். இப்போது ஆறு மாதம். காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் பத்து விநாடி ஒரு சிலிண்டர் தடுமாறுகிறது, சைலன்சரில் வெள்ளை ஆவி வருகிறது, வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

திறப்பதற்கு முன்

ஹெட்டைக் கழற்றுவது எளிது. கழற்றிய பிறகு சில கேள்விகளைக் கேட்க முடியாது. அதனால் ஒரு முழு நாளைச் சோதனைகளுக்கு ஒதுக்கினோம்.

நான்கு சிலிண்டர்களின் அமுக்கம்: 178, 139, 142, 176 பிஎஸ்ஐ. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட்டின் தடுப்பு உடைந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, பிஸ்டனை அதன் உச்சநிலையான டாப் டெட் சென்டரில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியே காற்றைச் செலுத்திக் கசிவை அளந்தோம். இரண்டாவது சிலிண்டரில் 31 சதவீதம். காற்று மூன்றாவது சிலிண்டரின் பிளக் துளை வழியாகச் சீறியது. ரேடியேட்டர் வாயிலும் குமிழிகள். எரிந்த வாயு நீரில் கலக்கிறதா என்று காட்டும் நீலத் திரவம் நான்கு நிமிடத்தில் மஞ்சளானது. எண்ணெயில் பால் கலந்த தோற்றம் இல்லை.

இவையெல்லாம் கேஸ்கெட் போயிருக்கிறது என்பதை உறுதி செய்தன. அது ஏற்கனவே தெரிந்ததுதான். ஏன் போகிறது என்ற கேள்விக்கு முதல் துப்பு ரேடியேட்டரில் கிடைத்தது. எஞ்சின் சூடான பிறகு அகச்சிவப்பு வெப்பமானியால் அதன் முகத்தை வரிசை வரிசையாகத் தடவினோம். நடுவில் சூடு, இரு ஓரங்களிலும் பட்டை பட்டையாகக் குளிர்ச்சி. நீர் போகாத குழாய்கள் சூடாகாது. பின்னால் திறந்தபோது மூன்றில் ஒரு பங்கு குழாய்களில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு அடைத்திருந்தது. முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்தே ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசும் ஊர் இது, ஆனால் எந்தக் குடிநீரும் அலுமினிய எஞ்சினுக்கு ஏற்றதல்ல. கூலன்டில் உள்ள துருத்தடுப்பு வேதிப்பொருள்கள் இல்லாமல் அலுமினியம் உள்ளிருந்து அரிக்கப்படும்.

இரண்டாவது துப்பு: எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்கு நீரை விடாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட் வைக்கும் இடம் காலியாக இருந்தது. "சூடு குறையட்டும்" என்று முன்பு பார்த்தவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. என்னை வருத்தும் நம்பிக்கைகளில் இது முதன்மையானது. முழுதாகத் திறந்த தெர்மோஸ்டாட் நீரோட்டத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தடத்தில் வெப்பத்தை வெளியேற்றுவது ரேடியேட்டர். அது அடைத்திருக்கும்போது தெர்மோஸ்டாட்டை எடுப்பதால் தடத்தில் எதுவும் மாறாது. மற்ற நேரத்தில் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல், பெட்ரோல் கூடுதலாக ஊற்றப்பட்டு, சிலிண்டர் சுவரின் எண்ணெய் கழுவப்படும்.

கழற்றல்

வண்டி ஓர் இரவு முழுக்கக் குளிர்ந்தது. கூலன்ட் 38 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காமல் ஹெட் போல்ட்டைத் தொடக் கூடாது என்று ஹோண்டாவின் கையேடு சொல்கிறது. சூடான அலுமினியத்தின் பிடியைத் திடீரென்று விட்டால் அது தன் இஷ்டத்துக்கு வளைந்துகொள்ளும்.

கூலன்டை வடித்து, பேட்டரியைக் கழற்றி, முதல் பிஸ்டனை டாப் டெட் சென்டருக்குக் கொண்டுவந்து, கேம் புல்லியின் அடையாளங்களைப் படம் எடுத்துக்கொண்டோம். இந்த எஞ்சினின் கிராங்க் பெரும்பாலான எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில், அதாவது இடஞ்சுழியாகச் சுழலும். புதிதாகக் கை வைப்பவர்கள் இதில் தவறுவார்கள். டைமிங் பெல்ட் இல்லாத நிலையில் கிராங்கைத் திருப்பினால் பிஸ்டனும் வால்வும் முட்டும், அதனால் பெல்ட்டைக் கழற்றியவுடன் கிராங்க் பக்கம் யாரும் போகக் கூடாது என்று சொல்லி வைத்தேன். எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் நட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்திருந்ததால் ஒரு ஸ்டட்கூட முறியவில்லை. இன்டேக் மேனிபோல்டின் அடியில், கீழிருந்து கை விட்டால் மட்டுமே எட்டும் ஒரு தாங்கி இருக்கிறது. அதை மறந்துவிட்டு ஹெட்டை நெம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ராக்கர் தொகுதியைத் தூக்கும்போது அதன் போல்ட்டுகளை உருவாமல் துளைகளிலேயே விட்டோம். உருவினால் ஸ்பிரிங்குகளும் ராக்கர்களும் சிதறும், எது எந்த இடத்தில் தேய்ந்து பழகியதோ அந்த வரிசை போய்விடும்.

இங்கேதான் வழக்கு திரும்பியது. கேம்ஷாப்ட் தன் இருக்கைகளில் தனியாகக் கிடந்தது. வழக்கம்போல அதை விரலால் சுழற்றிப் பார்த்தேன். இருக்கைகளின் மேல்மூடிகளை மட்டும் பூட்டிவிட்டு மீண்டும் சுழற்றினேன். இரண்டு விரலுக்குச் சுழல வேண்டிய கேம் முழங்கை பலம் கேட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் நடு இருக்கைகளின் அடிப்புறமும், ஓர இருக்கைகளின் மேல்மூடிகளும் பளபளவென்று தேய்ந்திருந்தன. வழி நேராக இருந்தால் தண்டு இப்படித் தேய்க்காது. வழி வளைந்திருந்தால் இப்படித்தான் தேய்க்கும்.

ஹெட் போல்ட்டுகள் பத்து. ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு சுற்று மட்டும், எல்லாம் தளரும் வரை. இரண்டு போல்ட்டுகள் மற்றவற்றைவிட எளிதாகத் தளர்ந்தன. அந்த இரண்டு துளைகளின் அடியிலும் பழைய கூலன்டும் சேறும் கிடந்தன. அடைபட்ட துளையில் திரவம் இருந்தால் போல்ட் இறங்கும்போது அது அமுங்க மறுக்கும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் "முடிந்தது" என்று சொடுக்கும், ஆனால் ஹெட்டின் மேல் பிடி விழுந்திருக்காது.

அளவுகள்

ஹெட்டின் அடிமுகத்தை மரச்சுரண்டியால் சுத்தம் செய்து, நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜைச் செருகினேன். நடுவில் 0.09 மி.மீ. இடைவெளி. இந்தக் குடும்பத்து எஞ்சின்களுக்குக் கையேடு சொல்வது: 0.05 மி.மீ. வரை சீவத் தேவையில்லை, அதற்கு மேல் 0.2 வரை சீவலாம். சீவலின் மொத்த வரம்பும் 0.2 மி.மீ.தான், 93.0 மி.மீ. உயரத்திலிருந்து கணக்கிட வேண்டும்.

ஆக, 0.09 என்பது பயமுறுத்தும் எண் அல்ல. அடிமுகத்தை மட்டும் பார்க்கும் ஒருவர் "இன்னொரு முறை லேசாகப் பேசிங் அடித்தால் போதும்" என்றுதான் சொல்வார். இரண்டு முறை அப்படித்தான் நடந்திருக்கிறது.

நான் உயரத்தை அளந்தேன். மைக்ரோமீட்டர் காட்டியது: நான்கு மூலைகளிலும் 92.62 மி.மீ., நடுவில் 92.84 மி.மீ.

இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிமுகம் கிட்டத்தட்டத் தட்டை, ஆனால் மூலைகளைவிட நடு 0.22 மி.மீ. தடிமன். தொழிற்சாலையிலிருந்து இரு முகங்களும் இணையாக வந்த ஒரு வார்ப்பில் இது எப்படி நடக்கும்? ஒரே வழிதான் உண்டு. ஹெட் வில்லாக வளைந்திருந்தபோது, வளைவை எடுக்காமல், வில்லின் இரண்டு நுனிகளை மட்டும் சீவித் தட்டையாக்கியிருக்கிறார்கள். அடிமுகம் நேரானது. மேல்முகமும், கேம்ஷாப்ட் ஓடும் வழியும் வளைந்தபடியே நின்றுவிட்டன. மேல்முகத்தில் நேர்விளிம்பை வைத்தேன். கணக்குப்படி 0.22-உம் 0.09-உம் சேர்ந்து 0.31 வர வேண்டும். 0.31 வந்தது.

அலுமினியம் ஏன் வளைகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுப் பழுதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. 400 மி.மீ. நீள அலுமினியம் இயல்பைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 0.9 மி.மீ. நீள விரும்பும். நீர் வற்றிய ஹெட் அப்படித்தான் சூடாகிறது, கீழேயுள்ள பிளாக் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. போல்ட்டுகள் ஹெட்டின் இரு முனைகளையும் பிடித்திருக்கின்றன. நீள இடமில்லாத உலோகம் நடுவில் மேல்நோக்கிப் புடைக்கிறது. குளிர்ந்த பிறகும் அந்தப் புடைப்பு முழுதாகத் திரும்புவதில்லை. தேய்மானத்தில் உலோகம் குறையும். இங்கே உலோகம் அப்படியே இருக்கிறது, இடம் மட்டும் மாறியிருக்கிறது. இடம் மாறியதை இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமே தவிர, சீவி எடுக்கக் கூடாது.

கேம்ஷாப்டுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே எண்ணெய்க்கான இடைவெளி 0.05 முதல் 0.09 மி.மீ. வரைதான். போல்ட் இறுக்கத்தில் அடிமுகத்தின் 0.09 நேரானாலும் வழி 0.22 வளைந்தே இருக்கும், எண்ணெய்ப் படலம் இருக்க இடமேது? இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டரில் கேம்ஷாப்ட் முறிந்திருக்கும். கேஸ்கெட் முந்திக்கொண்டு போனது ஒருவகையில் நல்லதாயிற்று.

சீவியதால் அமுக்க விகிதம் ஏறி, அதனால் கேஸ்கெட் எரிந்திருக்குமா என்று உரிமையாளர் கேட்டார். பியூரெட்டால் ஒவ்வோர் எரிஅறையின் கொள்ளளவையும் அளந்தோம். நடு அறைகளைவிட ஓர அறைகள் ஏறக்குறைய 0.3 கன செ.மீ. சிறியவை. விகிதம் ஏறியது சுமார் 0.2 மட்டுமே. 91 ஆக்டேன் பெட்ரோலில் அதுகூட நல்லதல்ல, ஆனால் பிஸ்டன் தலைகளில் வெடித்தெரிந்த தழும்பு எதுவும் இல்லை. அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டேன். கடைசிப் பேசிங் எமரி பெல்ட்டில் அடிக்கப்பட்டிருந்தது, நகத்தால் தடவினாலே கோடுகள் தெரிந்தன. பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுக்குக் கண்ணாடிபோல வழவழப்பான முகம் வேண்டும்.

வைத்துக்கொள்வதா, மாற்றுவதா

உயரம் ஏற்கனவே வரம்பைத் தாண்டிக் குறைந்துவிட்டது. நேர்மையாகச் சொன்னால் இந்த ஹெட்டைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். பழைய வண்டிகளிலிருந்து எடுத்த இரண்டு ஹெட்டுகள் கிடைத்தன. ஒன்றில் எக்ஸாஸ்ட் வால்வுகள் வந்து அமரும் சீட்டுகளுக்கு நடுவே விரிசல். மற்றது நம்முடையதைவிடக் குறைந்த உயரம். கெட்டதற்குப் பதில் இன்னொரு கெட்டதைக் காசு கொடுத்து வாங்குவதில் பொருளில்லை.

முடிவெடுக்கும் முன் உலோகத்தின் கடினத்தன்மையைச் சோதித்தோம். வார்ப்படத்துக்குப் பிறகு பதப்படுத்திய அலுமினியம் அதிகச் சூடு கண்டால் அந்தப் பதத்தை இழந்து மெழுகுபோல மென்மையாகும், பிறகு எத்தனை கேஸ்கெட் போட்டாலும் வளையம் உலோகத்துக்குள் புதைந்துவிடும். பிரினெல் அளவில் ஓரங்களில் 86, 84. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே 71. குறைந்துதான் இருக்கிறது. 60-க்குக் கீழே போயிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். 71 என்றால் பிழைக்க வாய்ப்புண்டு என்று சொன்னேன். அவர் சரி என்றார்.

பழுதுபார்த்தல்

வேலைகளின் வரிசை முக்கியம். சுத்தம், விரிசல் சோதனை, வெல்டிங், நேராக்கல், அழுத்தச் சோதனை, கேம் வழி, வால்வு சீட்டுகள், கடைசியாகப் பேசிங். வெல்டிங்கும் சூடும் உலோகத்தை மீண்டும் அசைக்கும், அதனால் தட்டையாக்கும் வேலை எல்லாவற்றுக்கும் பின்னால் வர வேண்டும். அவசரத்தில் பலர் பேசிங்கை முதலில் முடித்துவிடுகிறார்கள்.

கழுவுவதற்கு அனுப்பும்போது "காஸ்டிக் சோடாத் தொட்டியில் போடாதீர்கள்" என்று சீட்டு எழுதிக் கட்டினேன். இரும்பு ஹெட்டுகளுக்குப் பழகிய இடங்களில் எல்லாவற்றையும் அதில் முக்கிவிடுவார்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும்.

அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது, ஆகவே காந்தத்தூள் சோதனை பயன்படாது. சிவப்புச் சாயத்தை ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தோம். சீட்டுகளில் விரிசல் இல்லை. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே குளிர்நீர் துளையின் உதடு மட்டும் அரித்து, கேஸ்கெட் வளையம் அமரும் விளிம்பு வரை பள்ளமாகியிருந்தது. அதை உலோகம் பளிச்சிடும் வரை குடைந்து, ஹெட் முழுவதையும் மிதமாகச் சூடாக்கி, சிலிக்கான் கலந்த அலுமினியக் கம்பியால் ஆர்கான் வெல்டிங் வைத்தோம். முதல் தடவை ஊசித்துளைகளாகப் பொங்கியது. ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் நீரும் ஊறிய வார்ப்பு அப்படித்தான் செய்யும். மீண்டும் குடைந்து, மீண்டும் நிரப்பினோம். வெல்டர் பொறுமைசாலி.

அடுத்து நேராக்கல். கோவை கணபதிப் பகுதியில் அலுமினிய வார்ப்புகளைப் பதப்படுத்தும் மின்உலை வைத்திருக்கும் ஒரு பட்டறையில் இதைச் செய்தோம். 50 மி.மீ. தடிமனுள்ள எஃகுப் பலகை, அதில் ஹெட் போல்ட்டுகளின் இடத்தில் துளைகள். ஹெட்டின் இரு முனைகளுக்கும் அடியில் பித்தளைத் தகடுகளை வைத்து, நடுப் போல்ட்டுகளை மட்டும் இறுக்கி, புடைத்த நடுவைக் கீழே இழுத்தோம். கவனிக்க வேண்டியது, நாங்கள் நேராக்கியது கேம் வழியை. அடிமுகம் இப்போது எதிர்ப்பக்கம் வளையும், நடு பிதுங்கி நிற்கும். அதைப் பிறகு சீவிக்கொள்ளலாம், வளைந்த கேம் வழியை அப்படிச் சீவ முடியாது.

உலை 230 டிகிரி செல்சியஸ், நான்கு மணி நேரம், பிறகு கதவைத் திறக்காமல் இரவு முழுக்க ஆறவிட்டோம். முதல் சுற்றில் மேல்முக வளைவு 0.31-இலிருந்து 0.13-க்கு வந்தது. தகடுகளை மாற்றி இரண்டாவது சுற்று. 0.04. அங்கே நிறுத்திக்கொண்டேன். இந்தச் சூட்டில் ஒவ்வொரு மணி நேரமும் உலோகத்தின் பதத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீண்டும் அளந்தபோது ஓரங்கள் 80, 79, நடு 69. 0.04-ஐ 0.02 ஆக்க இன்னொரு சுற்று போவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேம்ஷாப்டை எண்ணெய் தடவி வைத்து, மூடிகளை உரிய இறுக்கத்தில் பூட்டி, ஒரு விரலால் தட்டினேன். சுழன்று, தானாக நின்றது. அந்தக் கணத்தில் உரிமையாளரும் பக்கத்தில் இருந்தார். அவரையும் தட்டிப் பார்க்கச் சொன்னேன்.

குளிர்நீர் வழிகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் முக்கினோம். குமிழி இல்லை. பிறகு வால்வுகள். வால்வுத் தண்டுகள் ஓடும் கைடுகளின் தேய்மானம் வரம்புக்குள் இருந்தது. சீட்டுகளை 30, 45, 60 டிகிரிக் கோணங்களில் வெட்டினோம். எக்ஸாஸ்ட் சீட்டின் தொடுமுகத்தை இன்டேக்கைவிட அகலமாக வைத்தோம், ஏனென்றால் அந்த வால்வு தன் சூட்டை முக்கியமாகச் சீட்டின் வழியேதான் இறக்கி வைக்கிறது. வால்வு சீல்களில் வெள்ளை ஸ்பிரிங் இன்டேக்குக்கு, கறுப்பு ஸ்பிரிங் எக்ஸாஸ்டுக்கு. முந்தைய வேலையில் இரண்டு இடம் மாறியிருந்தன.

கடைசியில் பேசிங். சர்பேஸ் கிரைண்டரில் நடுவில் 0.20, மூலைகளில் 0.02 மட்டும் போனது. இறுதி உயரம் மூலைகளில் 92.60, நடுவில் 92.64. தொழிற்சாலை உயரத்தைவிட 0.4 மி.மீ. குறைவு. அப்படியே பூட்டினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 1.8 கன செ.மீ. இடம் குறையும், வால்வுகள் பிஸ்டனை நெருங்கும், கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் குறைவதால் வால்வு நேரமும் சற்றுத் தாமதமாகும். 0.4 மி.மீ. கூடுதல் தடிமனுள்ள பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டை வரவழைத்தோம். மூன்று கணக்கும் அதில் நேராயிற்று. பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஒரு முறை கையால் சுழற்றி, வால்வு இடைவெளியையும் சரிபார்த்துக்கொண்டோம்.

பூட்டியது

பிளாக்கின் முகத்தில் 0.04 மி.மீ. வளைவு, வரம்பு 0.10. தொடவில்லை. பழைய கேஸ்கெட் ஒட்டுகளைக் கையால் சுரண்டினோம். சுழலும் எமரித் தகட்டால் தேய்த்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அதிலிருந்து பறக்கும் துகள்கள் எண்ணெய்க்குள் இறங்கிப் பேரிங்குகளை அறுத்துவிடும். பத்துத் துளைகளிலும் மரையைத் துலக்கும் டேப் கருவியை ஓட்டி, கரைப்பான் தெளித்து, காற்றடித்து, துணி சுற்றிய கம்பியால் அடிவரை ஒற்றி எடுத்தோம். விடெக்குக்கு எண்ணெய் ஏறும் சிறுதுளையையும், அந்த எண்ணெயைத் திறந்துவிடும் சோலனாய்டின் வலையையும் கழுவினோம். பழைய வலையில் ரப்பர் பசைத் துணுக்குகள் இருந்தன.

புதிய போல்ட்டுகள், மரையிலும் தலையின் அடியிலும் எண்ணெய், கேஸ்கெட்டில் எந்தப் பசையும் இல்லை. இதே தலைமுறை ஹோண்டா டி16 எஞ்சின்களின் கையேட்டு முறைப்படி நடுவிலிருந்து வெளியே: 20, 49, 67, மீண்டும் 67 நியூட்டன் மீட்டர். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.25 மி.மீ. டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் புதியவை. ரேடியேட்டர் புதியது. தெர்மோஸ்டாட் தன் இடத்துக்குத் திரும்பியது. சுத்திகரித்த நீரும் கூலன்டும் சரிபாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வைத்து, மின்விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காற்றை வெளியேற்றினோம்.

அமுக்கம்: 181, 180, 179, 182. கசிவு நான்கிலும் 6 முதல் 8 சதவீதம்.

ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு வால்வு இடைவெளியை மீண்டும் பார்த்தோம், இரண்டை மட்டும் சற்றுத் திருத்த வேண்டியிருந்தது. ஆறு வாரம் கழித்து செட்டிபாளையத்துக்குப் போனோம். மேல் ஹோஸில் தனியாக ஒரு வெப்பமானி பொருத்தியிருந்தேன். 20 நிமிட ஓட்டங்கள் நான்கு. மிக உயர்ந்த அளவு 97 டிகிரி. கடைசி ஓட்டத்தில் நேர்ப்பாதையின் முடிவில் விடெக் பூட்டும் ஒலி, குரல் மாறும் பையனைப்போல ஒரு படி தடித்து எழும் அந்த ஒலி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கேட்டது. மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கூலன்ட் கழுத்துவரை நின்றது.

நடுவில் உள்ள 69 என்ற எண் என் மனத்தில் இருக்கிறது. இன்னொரு முறை சிவப்பைத் தொட்டால் இந்த ஹெட் திரும்பாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த பெல்ட் மாற்றும்போது மேல்முகத்தில் நேர்விளிம்பை வைத்துப் பார்ப்பதாகவும் பேச்சு.

பூட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். ஹெட்டின் பக்கவாட்டில், டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகே எந்த முகமும் உட்காராத ஓர் இடத்தில், நம்பர் பஞ்சால் 92.60 என்று குத்தினேன். அதன் கீழே மாதமும் ஆண்டும், அதற்கும் கீழே கேஸ்கெட்டின் தடிமன். என்றாவது இதை வேறொருவர் திறக்கலாம். அவர் மைக்ரோமீட்டரை எடுப்பாரோ இல்லையோ, அந்த எண் அவர் கண்ணில் படும்.